பிழைத்த பிள்ளைகள் விளையாட வேண்டாமா?

இன்சுலின் வருவதற்கு முன்னால், சிறு பிராயத்தில் நீரிழிவு கண்ட குழந்தைகளின் கதை மிகவும் சுருக்கமானது. கணையத்தில் சுரக்க வேண்டிய இன்சுலின் அவர்களுக்கு அற்றுப் போய்விடும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. தீராத தாகம், மெலிவு, பிறகு மயக்கம். பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் முடிவு. அமெரிக்காவில் ஃபிரடெரிக் ஆலன் என்ற டாக்டர் ஒரு சிகிச்சை கண்டிருந்தார். சிகிச்சையின் பெயர் பட்டினி! குழந்தையை எலும்பும் தோலுமாக்கிச் சில மாதங்களோ வருஷங்களோ நாளைத் தள்ளிப் போடலாம். அவ்வளவுதான்.

1921இல் கனடா நாட்டு டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரியாகப் பலிக்கவில்லை. காலிப் என்பவர் மருந்தை மேலும் சுத்தம் செய்து கொடுக்க, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். பையன் தேறினான். சரித்திரம் பெரும்பாலும் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது.

ஆனால் பெற்றோருக்குக் கதை அங்கேதான் ஆரம்பம். இன்சுலின் நோயைத் தீர்ப்பதில்லை. அன்றன்றைக்கு உயிரைத் தருகிறது. அந்த நாளில் கண்ணாடி ஸிரிஞ்சைக் கொதிக்க வைக்க வேண்டும். உணவை நிறுக்க வேண்டும். சிறுநீரைப் பெனடிக்ட் திராவகத்தில் காய்ச்சி நிறம் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நிம்மதி. செங்கல் நிறம் வந்தால் கவலை. ஓடியாடினாலோ சர்க்கரை இறங்கும்; அளவு மீறி இறங்கினால் குழந்தை மயங்கி விழும். இத்தனையும் தெரிந்த தாய், பிள்ளையை எந்தத் தைரியத்தில் வெளியே விடுவாள்?

அமெரிக்காவிலே கோடை விடுமுறையில் குழந்தைகளைக் காட்டுப்புறத்து முகாம்களுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. நீச்சல், படகு, மரமேறுதல் எல்லாம் அங்கே நடக்கும். சர்க்கரை வியாதிக்காரப் பிள்ளைக்கு அங்கே யார் பொறுப்பேற்பார்கள்? 1925இல் மிச்சிகன் மாகாணத்தில் லெனர்ட் வென்ட் என்ற டாக்டர் இவர்களுக்கென்றே ஒரு முகாம் நடத்தினார். 1929இல் கிளீவ்லாந்து நகரத்து டாக்டர் ஹென்றி ஜானும் அவர் மனைவியும் ஒஹாயோவில் ஒன்று தொடங்கினார்கள். 1932இல், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்த கிளாரா பார்ட்டன் பிறந்த மாஸசூஸெட்ஸ் வீட்டை ஒட்டிப் பெண் குழந்தைகளுக்கு ஒரு முகாம் ஏற்பட்டது. பாஸ்டன் நகரத்து நீரிழிவு நிபுணர் ஜாஸ்லினின் பெயரால் ஆண் பிள்ளைகளுக்கு 1948இல் மற்றொன்று எழுந்தது.

நோயுள்ள குழந்தைகளைத் தனியே பிரித்து வைப்பது அவர்கள் மேல் முத்திரை குத்துவது ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குழந்தை தனித்து நின்றது தன்னுடைய தெருவிலேதான். பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை அவன் ஒருவனே. முகாமிலோ காலையில் எல்லோரும் ஊசிக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்ளாதவன்தான் அங்கே அதிசயப் பிறவி! இதுவரை அம்மா கையால் மட்டும் ஊசி போட்டுக்கொண்ட சிறுமி, தன் வயதுக்காரி ஒருத்தி தன் தொடையில் தானே குத்திக்கொள்வதைப் பார்க்கிறாள். ஆயிரம் உபதேசம் சாதிக்காததை அந்த ஒரு காட்சி சாதித்துவிடும்.

டாக்டர்களுக்கும் அது பள்ளிக்கூடமாயிற்று. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் பார்த்த நோயாளியை இங்கே விடிந்தது முதல் படுக்கும் வரை பார்த்தார்கள். நாளெல்லாம் விளையாடும் குழந்தைக்கு வீட்டில் போடும் அளவு மருந்து அதிகம் என்பது கண்கூடாகத் தெரிந்தது. அளவைக் குறைத்தார்கள், இடையிடையே தின்பண்டம் கொடுத்தார்கள், குளத்தில் இறங்க விட்டார்கள்.

இன்று பெனடிக்ட் திராவகம் போய், உடம்பில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைச் சொல்லும் கருவி வந்திருக்கிறது. ஊசிக்குப் பதில் பம்பு வந்திருக்கிறது. ஆனாலும் பல நாடுகளில் இந்த முகாம்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. தன்னைப் போல் இன்னொரு குழந்தை உண்டு என்பதை எந்தக் கருவியும் காட்டிக்கொடுப்பதில்லை அல்லவா?

இன்சுலினுக்காக 1923இல் பான்டிங்கும், ஆய்வுக்கூடம் தந்த மக்லவுடும் நோபல் பரிசு பெற்றார்கள். உயிரைக் காத்ததற்கு அது தகும். காத்த உயிரைக் குளத்தில் குதிக்க விட்ட டாக்டர்களுக்கு அப்படி ஒரு பரிசு இல்லை. ஈரத் தலையோடு கரையேறி, ‘இன்னும் ஒரு தடவை’ என்று கெஞ்சியிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தார்களே, அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.