கூலிச்சீட்டும் குடும்பக் கணக்கும்

வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நம் பக்கத்தில் எழும் முதற்கேள்வி "சம்பளம் எவ்வளவு?" என்பதே. நாட்றம்பள்ளியிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும், தோல் பதனிடும் கூடங்களையும் காலணித் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் இல்லங்களில் இக்கேள்வி அடிக்கடி ஒலிக்கிறது. ரியாலிலோ திர்ஹாமிலோ சொல்லப்பட்ட தொகை உடனே ரூபாயாகப் பெருக்கப்படுகிறது. பெருக்கிய தொகை பெரிதாக இருந்தால், மனைவி மக்களையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. ஆனால், "அங்கே நால்வர் உண்டு, உடுத்து, குடியிருந்து, பிள்ளைகளைப் படிக்க வைக்க எவ்வளவு ஆகும்?" என்ற இரண்டாம் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இந்த இரண்டாம் கேள்விக்கு நம் முன்னோர் பெரும் விலை கொடுத்து விடை கண்டனர். அந்த வரலாறு நாட்டாலில் தொடங்குகிறது.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நாட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர்கள் அதில் இருந்தனர். அவ்வாண்டு முதல் 1911 வரை அங்குச் சென்றவர்கள் 1,52,184 பேர் என்பது கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடு முன்வரிசையில் நின்றது. நாட்றம்பள்ளியை உள்ளடக்கிய திருப்பத்தூர் வட்டம் அந்நாளில் சேலம் மாவட்டத்தில் இருந்தது; 1911-இல்தான் வட ஆர்க்காட்டுடன் சேர்ந்தது. சேலத்திலிருந்தும் மக்கள் கடல் கடந்தனர். 1860-களின் தொடக்கத்தில் இரயில் பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையைத் தொட்டபோது, சென்னைத் துறைமுகம் நமக்கு அண்மையில் வந்துவிட்டது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சம் பலரை அத்துறைமுகம் நோக்கித் துரத்தியது.

கப்பலேறியவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். டர்பனில் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபையின் சபோன் அடிகளார் தமிழ் கற்று, அவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாக விளங்கினார் என்பதை இங்கே நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

ஒப்பந்தத்தில் கண்ட கூலி என்ன? முதலாண்டு மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். அதனுடன் அரிசி, பருப்பு, உப்பு முதலிய படியும், தங்க இடமும், மருத்துவமும் உண்டு. பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதி. 1860-இல் ஒரு ரூபாய்க்கு 2 ஷில்லிங் என்ற மாற்று வீதத்தில் 10 ஷில்லிங் என்பது 5 ரூபாய். நூற்றாண்டின் இறுதியில் ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்சாகச் சரிந்தபோது, அதே 10 ஷில்லிங் ஏழரை ரூபாய் ஆயிற்று. ஊரில் இருந்து பார்த்தவர்களுக்குக் கூலி ஒன்றரை மடங்கு உயர்ந்ததாகவே தோன்றியிருக்கும். ஆனால் டர்பனில் குடும்பத்தோடு வாழ்ந்து, ஷில்லிங்கில் வாங்கி ஷில்லிங்கில் உண்டவனுக்கு அந்த உயர்வால் விளைந்த பயன் ஏதுமில்லை. ஊருக்கு அனுப்பும் பணம் மட்டுமே ரூபாயாகப் பெருகும். அங்கே செலவாகும் பணம் பெருகுவதில்லை. மாற்று வீதத்தின் இந்த மயக்கம் இன்றும் தீர்ந்தபாடில்லை.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. படியும் குடிலும் ஒப்பந்தத்தோடு நின்றன. அதுவரை கூலிக்கு வெளியே இருந்த அரிசியும் கூரையும் இப்போது கூலிக்குள் வந்து அமர்ந்தன. சிறு நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டும், கூடை சுமந்து விற்றும் பலர் தலையெடுத்தனர். அவர்கள் தலையெடுத்ததே ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. 1895-இல் நாட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன்பின் வரும் கூலிகள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். இல்லையேல் மீண்டும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டுக்கும் இசையாதவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். நாட்டால் அரசு முதலில் கேட்டது 25 பவுன். இந்திய அரசப் பிரதிநிதி எல்ஜின் பிரபு 3 பவுனுக்கு இசைவளித்தார். 1903-இல் இயற்றிய சட்டம் இவ்வரியைப் பிள்ளைகள் மீதும் சுமத்தியது. 16 வயதான மகனும் 13 வயதான மகளும் தனித்தனியே வரி கட்ட வேண்டியவர் ஆயினர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுன் என்பது 20 ஷில்லிங். கணவன், மனைவி, வயது வந்த மக்கள் இருவர் ஆக நால்வருக்கு ஆண்டு வரி 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக் கூலியான 14 ஷில்லிங்கை அளவாகக் கொண்டால், குடும்பத் தலைவன் ஓராண்டில் ஈட்டியது 168 ஷில்லிங். ஆண்டு முழுதும் உண்ணாமல் உழைத்தாலும் வரி கட்டி முடியாது! காந்தியடிகள் தம் சுயசரிதையில் இக்கொடுமையை எடுத்துக்காட்டியுள்ளார். உழைக்கும் கைகள் வேண்டும், அக்கைகளோடு வரும் குடும்பம் வேண்டாம் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். 1913-இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான தமிழர் வேலைநிறுத்தம் செய்து சிறை புகுந்த பின்னரே, 1914-இல் அவ்வரி நீங்கியது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் முதற்கூலி வாங்கும் முன்பே குடும்பத்தின் மீது கடனாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்ல வேண்டுமானால், அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் கடனைக் கட்டினால்தான் விடுதலை. 1921-இல் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி 1929-இல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று வகுத்தபோது, தோட்டம் கொடுக்கும் அரிசி புசல் 6 ரூபாய் 40 சதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தனர். கூலியைச் சொல்லும்போதே அரிசி விலையையும் சொல்ல வேண்டும் என்ற அறிவு, கண்ணீரின் வழியாகவே சட்டப் புத்தகத்தில் ஏறியது.

மலேயாவின் இரப்பர் தோட்டங்களில் 1920-களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்று கூலி வகுக்கப்பட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இரப்பர் விலை சரிந்ததும், 1932-இல் அது 30 காசுக்கும் கீழே போயிற்று. பல்லாயிரவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-இல் சீனிவாச சாஸ்திரியார் மலேயா சென்று நிலைமையை ஆராய்ந்தார். கூலித் தகராறு தீராத நிலையில், 1938-இல் இந்திய அரசு அங்கு உதவி பெற்றுச் செல்லும் குடிபெயர்வையே நிறுத்தியது. புறப்படும் நாளில் சொல்லப்பட்ட சம்பளம் இறுதிவரை நிலைக்கும் என்று எந்தத் தோட்டமும் உறுதி கூறியதில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? சவூதி அரேபியா 2017 ஜூலையில், அங்கே பணிபுரியும் அயல்நாட்டவருடன் வாழும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் 100 ரியால் உயர்ந்து, 2020-இல் அது 400 ரியால் ஆயிற்று. மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தால் மாதம் 1,200. ஆண்டுக்கு 14,400 ரியால். மாதம் 4,000 ரியால் பெறுபவருக்கு இது மூன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் இதற்குப் புறம்பே. எத்தனையோ தந்தையர் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, பலர் கூடி வாழும் அறைக்குத் திரும்பினர். நாட்டாலின் வரியும் இக்கட்டணமும் ஒன்றல்ல. காலமும் வேறு, நோக்கமும் வேறு. ஆயினும் தனியொருவனுக்கு வகுத்த சம்பளத்தின் மீது குடும்பத்தின் பெயரால் ஒரு சுமை பின்னர் வந்து ஏறலாம் என்பதில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. இங்கே நாம் பெறும் ஊதியம் சம்பளச் சீட்டில் கண்ட தொகை மட்டுமே அன்று. தொழிற்சாலையில் பிடித்தம் செய்யப்படும் வருங்கால வைப்பு நிதியும், குடும்பத்துக்கே மருத்துவம் தரும் இ.எஸ்.ஐ. காப்பீடும் ஊதியமே. 2011 முதல் தமிழகத்தில் வழங்கப்படும் விலையில்லா அரிசியும், வாடகையற்ற சொந்த வீடும், வேலைக்குச் செல்லும் மருமகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரின் கைகளும் ஊதியமே. கடல் கடக்கும் நாளில் இவையனைத்தும் நின்றுவிடுகின்றன. இங்கு இருவர் ஈட்டிய வீட்டில் அங்கு ஒருவரே ஈட்ட நேரலாம். குடும்ப விசாவில் செல்லும் மனைவிக்கு வேலை செய்யும் உரிமை உண்டா என்பதையும் முன்னரே அறிய வேண்டும்.

திரு அவை இக்கணக்கை உலகியல் காரியம் என்று தள்ளிவிடவில்லை. நாட்டாலில் வரிச் சட்டம் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1891-இல், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில் தொழிலாளியின் நேரிய வாழ்வுக்குப் போதுமானதாகக் கூலி அமைய வேண்டும் என்று கற்பித்தார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தொழிலைப் பற்றிய தம் சுற்றுமடலில், நீதியான ஊதியத்தின் அளவுகோலாகக் குடும்பத்தையே நிறுத்தினார். நம் வேலூர் மறைமாவட்டம் பிறந்த அதே 1952-ஆம் ஆண்டில், திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் குடிபெயர்ந்தோரைப் பற்றி வெளியிட்ட திருத்தூதுக் கொள்கை விளக்கத்தில், எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பத்தை அவர்கள் அனைவருக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவை எண்ணிப் பார்ப்பவனைப் பற்றி, லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே பேசுகிறார். ஆகவே செலவை எண்ணிப் பார்ப்பது இறைப்பற்றில் குறைவு ஆகாது.

குடிபெயர்வதே தவறு என்று இதற்குப் பொருளன்று. நாட்டாலுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் இன்று டர்பனில் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் விளங்குகின்றனர். குடும்பம் பிரிந்து வாழ்வதற்கும் ஒரு விலை உண்டு. அதை எந்த நாணயத்திலும் அளக்க முடியாது. குடும்பமாகச் செல்ல விழைவோர் ஒரு மாலை கணவனும் மனைவியுமாக அமரட்டும். ஒரு தாளில் இங்கே கிடைப்பவை, இங்கே நின்றுவிடுபவை, அங்கே வருபவை, அங்கே போகுபவை என நான்கு பத்திகள் இடட்டும். அங்கே தனியாக இருப்பவரைக் கேளாமல், குடும்பத்தோடு இருப்பவரைக் கேட்டு எழுதட்டும். கணக்கு முழுதும் அந்நாட்டு நாணயத்திலேயே இருக்கட்டும். மிஞ்சுவதை மட்டும் இறுதியில் ரூபாயாக மாற்றட்டும். ஒருவர் நோயுற்றால் என் செய்வது, வேலை போனால் ஊர் திரும்பும் செலவுக்கு வழி என்ன என்ற இரு வரிகளையும் சேர்க்கட்டும்.

நாட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பதிவேடுகள் இன்றும் உள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு வரை அவற்றில் எழுதியிருக்கின்றனர். அவனை நம்பிய குடும்பம் மாதம் எவ்வளவில் வாழும் என்பதற்கு அதில் ஒரு பத்தியும் இல்லை. அதை எழுதும் பொறுப்பு அன்றும் இன்றும் பயணம் புறப்படும் குடும்பத்துக்கே உரியது.