ஹுவாராஸ் நகரை அழித்த ஏரி

வெள்ளமென்றால் மழையின் விளைவென்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மேகம் கறுக்கும், ஆறு பெருகும், கரை உடையும். இதுவே நாம் கண்ட முறை. மழையின்றியும் ஒரு பெருவெள்ளம் புறப்படும் என்பதையும், அதற்குக் காரணம் விதியன்று என்பதையும் தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தின் சரித்திரம் நமக்கு விளக்குகின்றது.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் தேதி ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கின. 10-ஆம் தேதி பிரிட்டிஷாரின் இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தானுக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கின. பினாங்கின்மீது குண்டுகள் விழுந்தன. தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருந்த நம் முன்னோர் நாளை என்னாகுமோ என்று நடுங்கிய அதே வாரத்தில், 13-ஆம் தேதி சனிக்கிழமை காலை, உலகின் மறுகோடியில் ஹுவாராஸ் என்னும் மலைநகரம் சில நிமிஷங்களில் சேற்றுக்குள் புதைந்தது. யுத்தச் செய்திகளின் இரைச்சலில் அந்நகரத்தின் ஓலம் உலகத்தின் காதில் விழவில்லை.

ஆந்தீஸ் மலைத்தொடரின் ஒரு பகுதிக்கு வெண்மலை என்று பொருள்படும் பெயரை ஸ்பானிய மொழியில் இட்டிருக்கின்றனர். அங்கே பனி உறைந்து கட்டியாகி, தன் பாரத்தால் தானே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும். இதனைப் பனியாறு என்பர். சில நூற்றாண்டுகளுக்கு முன் குளிர் மிகுந்திருந்தபோது இப்பனியாறுகள் பள்ளத்தாக்குகளில் நெடுந்தூரம் இறங்கி வந்து, தாம் உடைத்த கல்லையும் மண்ணையும் முன்னே தள்ளிக் கரைபோற் குவித்தன. பின்னர் உலகம் வெம்மையுற்றது; பனியாறுகள் உருகிப் பின்வாங்கின. அவை விட்டுச்சென்ற பள்ளத்தில் உருகிய நீர் தேங்கி ஏரியாயிற்று. அந்த ஏரிக்குக் கரை, முன்பு குவிந்த கல்லும் மண்ணுமே. ஈயலம்பத்துக் குளங்களின் மணற்கரைகளைக் கண்டவர்களுக்கு இக்கரையின் பலம் எத்தகையதென்று சொல்ல வேண்டுவதில்லை. மேலே தொங்கும் பனிப்பாறையில் ஒரு துண்டு ஏரியில் விழுந்தாற் போதும். அலை எழும்பிக் கரையைத் தாண்டும். தாண்டிய நீர் கரையை அறுக்கும். அறுபட்ட வழியே ஏரி முழுதும் பாயும்.

பால்காகோச்சா என்னும் ஏரி கடல் மட்டத்திற்கு மேல் 4,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. ஹுவாராஸ் நகரம் அதற்குச் சுமார் 23 கிலோமீட்டர் தூரத்தில், ஏறக்குறைய 1,500 மீட்டர் தாழ்வில் அமைந்தது. அன்று காலை அவ்வேரியின் கரை உடைந்தது. பாய்ந்த நீர் வழியிலிருந்த மற்றோர் ஏரியையும் உடைத்துச் சேர்த்துக்கொண்டு, பாறைகளையும் சேற்றையும் உருட்டியவாறு நகரத்தினுள் புகுந்தது. நகரின் மூன்றிலொரு பங்கு அழிந்தது. மாண்டவர்களின் தொகையை 1,800 என்போரும் உளர். 5,000 என்போரும் உளர்.

இதற்குப் பின் நடந்தவற்றையே நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அழிந்த பகுதியில் நகரத்துச் செல்வர்களின் புதிய வீடுகள் இருந்தன. ஆற்றோரத்தில் மீண்டும் வீடு கட்டலாகாதென்று சர்க்கார் கூறியும், அவர்களிற் பலர் இணங்கவில்லை. மேட்டு நிலம் பழங்குடி விவசாயிகள் வாழும் இடம். அங்கே குடியேறுவது தம் அந்தஸ்துக்கு இழுக்கென்று அவர்கள் கருதினர். வெள்ளம் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பாராமல் வாரிச்சென்றது. வெள்ளத்திற்குத் தப்பிய மனிதர் அதனைப் பார்த்தனர்! பிறப்பினால் மேடுபள்ளம் கற்பிக்கும் நோய் நம் சமூகத்திற்கு மாத்திரம் உரியதன்று போலும்.

சர்க்காரின் கடமையும் குறைவின்றி நடந்ததென்று கூறுவதற்கில்லை. 1945-ஆம் ஆண்டு ஜனவரியில் வேறு ஏரிகள் உடைந்து சாவின் என்னும் ஊரையும், அங்கிருந்த பல்லாயிரம் ஆண்டுப் பழமையான கோயிலின் இடிபாடுகளையும் சேற்றால் மூடின. 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் மற்றோர் ஏரி உடைந்து, முடியுந்தறுவாயிலிருந்த மின்சார நிலையத்தையும் ரயில் பாதையையும் அழித்தது. ஏரிகளைக் காவல் செய்வதற்கென்றே ஒரு நிலையான சபை அமைந்தது 1951-ஆம் ஆண்டிலேதான். ஆயிரக்கணக்கான உயிர்கள் போனபோது பிறவாத அவசரம், மின்சார நிலையம் போனபோது பிறந்தது.

ஆயினும் அச்சபையின் இஞ்சினீயர்கள் ஆற்றிய பணி போற்றத்தக்கது. மூச்சுத் திணறும் உயரத்தில், அவர்களும் கூலியாட்களும் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் கரையை வெட்டியும், சுரங்கம் குடைந்தும், அணை கட்டியும் நீரைக் குறைத்தனர். 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில், கார்ஹுவாஸ் ஊருக்கு மேலுள்ள 513-ஆம் எண் ஏரியில் பெரும் பனிப்பாறை விழுந்தது. முன்னரே சுரங்கம் அமைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தியிருந்தமையால், வெள்ளம் வந்தும் ஓர் உயிர்கூடச் சேதமாகவில்லை. அறிவு முந்திக்கொண்டால் ஆபத்து பிந்தும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அதே ஏரியின் வரலாறு நமக்கு மற்றொரு பாடத்தையும் வைத்திருக்கின்றது. வெள்ளம் வருமுன் எச்சரிப்பதற்காக அங்கே கருவிகள் நிறுவப்பட்டன. 2016-ஆம் ஆண்டு மழை பொய்த்தது. அக்கருவிகளே மழையை விரட்டுகின்றன என்று நம்பிய விவசாயிகள் திரண்டு சென்று அவற்றைப் பிடுங்கி எறிந்தனர். இம்மூடநம்பிக்கையைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் கருவியை மலைமேல் வைத்தால் போதாது; அதன் பொருளை மக்கள் மனத்திலும் வைத்தல் வேண்டும். அறியாமையைப் பழிப்பதைவிட அறிவைப் பகிர்வதே சீர்திருத்தக்காரர் கடமை என்பது நம் துணிபு.

இன்றைய நிலை என்ன? 1970-களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கன மீட்டராகக் குறைக்கப்பட்டிருந்த பால்காகோச்சாவின் நீர், பனியாறு மேலும் உருகியதால் 2009-ஆம் ஆண்டில் 170 லட்சம் கன மீட்டரைத் தாண்டியது. 2011-ஆம் ஆண்டு முதல் குழாய்கள் வைத்து நீரை இறக்கி வருகின்றனர். 1941-இல் வெள்ளம் பாய்ந்த வழியிலோ, இன்று பல்லாயிரம் பேர் குடியிருக்கின்றனர்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகை வெம்மையாக்கியவர்கள் அம்மலைவாசிகள் அல்லர். 2015-ஆம் ஆண்டு அந்நகரத்து விவசாயி ஒருவர், உலகத்துப் புகையில் நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு உம்முடையது, ஆதலின் எம் தற்காப்புச் செலவிலும் அப்பங்கைத் தருக என்று, ஜெர்மனியின் பெரிய மின்சாரக் கம்பெனியொன்றின்மீது அந்நாட்டுக் கோர்ட்டிலேயே வழக்குத் தொடுத்தார். 2025-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி ஹாம் நகரத்து மேல் கோர்ட், அவருடைய வீட்டுக்கு நேரும் அபாயம் போதிய அளவு நிரூபணமாகவில்லையென்று வழக்கைத் தள்ளியது. எனினும், புகை வெளியிடுவோர் தூரதேசத்தார்க்கு விளையும் தீங்குக்கும் பொறுப்பாளிகளாகலாம் என்னும் தத்துவத்தை அது ஒப்புக்கொண்டது. விவசாயி தோற்றார், அவருடைய கேள்வி தோற்கவில்லை.

மலைமேல் ஏரியை வைத்தது இயற்கை. அதன் வாயிலில் வீடு கட்டியதும், அதன் நீரைப் பெருக்கியதும் மனிதர். மனிதர் செய்ததை மனிதரே திருத்தலும் கூடும். தலையெழுத்தென்று கைகட்டி நிற்பவர்க்கு ஹுவாராஸ் நகரத்துச் சேறு சொல்லும் விடை இதுவே.