அஞ்சடி

மலேசிய நகரான தெலுக் இந்தானின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால், மேல்மாடி கூரையாக நிற்க, தூண்களின் ஊடே நீளும் நடைவழியைப் பாருங்கள். மலாயில் அது ‘காக்கி லிமா’. மலாயாத் தமிழர் வாயில் அஞ்சடி. ஐந்து, பேச்சில் அஞ்சு ஆனது. ‘அடி’யோ அளவையும் பாதத்தையும் ஒருசேரக் குறிக்கும், மலாய்ச் சொல்லான ‘காக்கி’யும் அப்படியே. பாதத்தால் அளந்த வழிக்குப் பாதத்தின் பெயரே நிலைத்தது எனக்குப் பிடித்தமானது. பெயர்தான் ஐந்து; அகலம் பல இடங்களில் அதற்கும் கூடுதல்.

1822இல் சிங்கப்பூர் நகரமைப்புக்கு ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் தந்த கட்டளையில் இதன் வேர் இருக்கிறது: ஒவ்வொரு வீட்டின் முன்னும் திறந்த தாழ்வாரம், தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான நிழல்வழி. நிலம் கடைக்காரருடையது, நடை ஊராருடையது. 1888இல் அங்கே தாழ்வாரங்களிலிருந்து கடைகளை அகற்ற முனைந்தபோது கலவரமே மூண்டது.

வழக்கில் சொல் விரிந்து, கடைத்தெருவே அஞ்சடி ஆயிற்று. தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த சாய்ந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள கடைவரிசைகளில் மழை நாளிலும் நனையாமல் நடக்கலாம். ஆனால் மோட்டார்சைக்கிளும் சரக்குப் பெட்டியும் வழியை அடைத்தால், குழந்தையோடு வருபவர் வண்டிகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை அஞ்சடி என்று எப்படி அழைப்பது?