பூளை

குறிஞ்சிப்பாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். 261 அடி. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்பார்கள். பாடியவர் ஆண், பாடம் அரசனுக்கு. ஆனால் பேசுகிறவள் தோழி. தினைப்புனம் காக்கப் போன பெண்கள் அருவியாடி, பூப்பறித்துப் பாறையில் குவித்ததைச் செவிலியிடம் சொல்லும்போது 99 பூக்களை அடுக்குகிறாள். எத்தனை பூக்கள் என்று தேர்வில் கேட்போம். எவை என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கே பாதி தெரியாது.

நாற்பதைத் தாண்டிச் செடி பார்க்கக் கிளம்பியது அந்த வெட்கத்தில்தான். முதலில் தேடியது பூளை. வெள்ளைக் கதிர் என்று படித்துவிட்டு வயலோரம் ஒன்றைப் பிடுங்கி வந்தேன். அம்மா சிரித்தார். "இது பண்ணக்கீரை கண்ணு. பூளையத்தான் வருசாவருசம் காப்புக் கட்டறமே!"

மார்கழிக் கடைசி நாளில் வேப்பிலை, ஆவாரம்பூவோடு எங்கள் வாசலில் செருகுகிற அதே பூ. ஆவிரையும் 99இல் ஒன்று. அந்தக் கொத்துக்கு அடியில் நுழைந்து கல்லூரிக்குப் போய், கரும்பலகையில் 'ஒரு வகைப் பூ' என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

பண்ணைக்கீரையின் கதிர் தண்டின் நுனியில் நிமிர்ந்து நிற்கும். தொட்டால் காய்ந்த காகிதம்போலச் சரசரக்கும். பூளையோ இலைக் கக்கத்தில் பஞ்சாக ஒட்டியிருக்கும். வேரைக் கிள்ளினால் லேசான கற்பூர வாசம். எல்லாம் அம்மா தொட்டும் முகர்ந்தும் காட்டியது.

இதை யாரும் தாவரவியல் என்பதில்லை. அந்தப் பெயரோடு இதைச் செய்ய ஜானகி அம்மாள் மிச்சிகன்வரை போகவேண்டியிருந்தது. 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். அவரைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அதே வாயால் அம்மாவைப் 'படிக்காதவர்' என்றுதான் அறிமுகப்படுத்தி வந்தேன்.

அம்மா சிறுவயதில் ஆடு மேய்த்தவர். எல்லாச் செடியையும் சொல்லிவிடுவார் என்று ஒருநாள் மலையடிவாரத்துக்கு அழைத்துப் போனேன். ஓடையைத் தாண்டியதும் மூன்று செடிகளைக் காட்டினேன். மூன்றும் தெரியவில்லை.

"வயசுக்கு வந்ததும் ஆட்டோட போறத நிறுத்திப்போட்டாங்க. ஓடைக்கு அந்தப் பக்கந்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

தோழிக்கு ஒரு மலையே இருந்தது. அம்மாவின் காடு 13 வயதில் அந்த ஓடையோடு நின்றுவிட்டது. வீடு திரும்பலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாவது செடியின் இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டிருந்தார்.