ஆங்கில இலக்கிய வகுப்பும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

வேலை முடிந்து வீடு திரும்பிய தாய், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகள் ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தை விரித்து வைத்திருப்பதைக் காண்கிறாள். “பாடத்தைப் படிக்காமல் கதை படிக்கிறாயே!” என்று அதட்டுகிறாள். “இதுதான் அம்மா பாடம்” என்கிறாள் மகள். தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. கதை எப்படிப் பாடமாகும்?

தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் நம்மிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் குறைவு. அதற்கு விடை சொல்ல, கொஞ்சம் பழைய காலத்துக்குப் போய் வரவேண்டும்.

ஜார்ஜ் டவுன் பார்க்குவார் சாலையில், பின்னாளில் மாநில அரும்பொருளகமாக மாறிய பழைய கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அது ஒரு காலத்தில் பினாங்கு பிரீ ஸ்கூல் நடந்த இடம். 1816ஆம் ஆண்டில் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் முயற்சியால் அந்தப் பள்ளி பிறந்தது. இனம், மதம் பாராமல் எல்லோருக்கும் திறந்த பள்ளி என்பதே அந்தப் பெயரின் கருத்து. 1928இல் அது கிரீன் லேனில் எழுந்த புதிய கட்டடத்துக்குக் குடிபோயிற்று.

1891 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் தேர்வுகள் நமது நீரிணைக் குடியேற்றப் பகுதிக்கும் வந்தன. கேள்வித்தாள் இங்கிலாந்திலிருந்து வந்தது. மாணவன் எழுதிய விடை கப்பலேறி அங்கேயே திரும்பிப் போயிற்று. அந்தத் தேர்வில் ஆங்கில இலக்கியமும் ஒரு பாடம். ஷேக்ஸ்பியரின் நாடகத்திலிருந்து நான்கு வரிகளைக் கொடுப்பார்கள். இதைச் சொன்னவர் யார்? யாரிடம் சொன்னார்? எந்த நேரத்தில்? இதனால் அவருடைய குணம் எப்படி வெளிப்படுகிறது? இவைதாம் கேள்விகள்.

இந்த வாசல் எங்கே கொண்டு போய்விடும் என்பதற்கு ஒரு சான்று. பிரீ ஸ்கூலில் படித்த வூ லியன் தே, 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானார். 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவைச் சூறையாடிய கொள்ளைநோயை அடக்கியவர் அவரே.

பள்ளியின் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தது; ஆனால் நம் பாட்டன்மார் அதில் நுழைந்தார்களா? செபராங் பிறையிலிருந்து பெரி ஏறினால் சிறிது நேரத்தில் ஜார்ஜ் டவுன். ஆயினும் லயத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தொலைவு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. அவற்றில் பிள்ளைகள் தமிழில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அதற்குமேல் படி இல்லை. தமிழ்ப் பள்ளியை முடித்தவன் மீண்டும் பால்மரத்துக்கே போனான். சுதந்திரத்துக்குப் பின் புகுமுக வகுப்பு ஏற்பட்ட பிறகுதான் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போக ஒரு பாலம் கிடைத்தது.

அந்தப் பாலம் வருவதற்கு முன்பே ஒரு தமிழ்ப் பிள்ளை ஆங்கில வகுப்பறைக்குள் புகுந்தார். அவர் கே. எஸ். மணியம். நமக்கு அண்டை மாநிலமான கெடாவில், பீடோங்கில், 1942இல் பிறந்தவர். தந்தை மருத்துவமனையில் துணி வெளுக்கும் தொழிலாளி. மணியம் சிறிது காலம் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, சுங்கை பட்டாணி இப்ராகிம் பள்ளியில் ஆங்கிலம் படித்தார். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பிரின்ஸ்போர்ட் லாட்ஜ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று ஆசிரியரானார். பின்னர் மலாயாப் பல்கலைக் கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். 2020இல் காலமானார்.

அவர் 1981இல் வெளியிட்ட ஆங்கில நாவல் ‘தி ரிட்டர்ன்’. இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து, உழைத்து, தான் கட்டிய வீட்டின் நிலத்துக்கு உரிமை பெறமுடியாமல் போன ஒரு பாட்டி அதில் வருகிறாள். ஒரு துண்டு நிலத்துக்காக ஏங்கி நிலைகுலையும் தந்தை வருகிறார். மிஸ் நான்சி என்ற ஆசிரியை சொல்லும் ஆங்கிலக் கதைகளில் மயங்கி, சொந்த வீட்டுக்கே அந்நியனாகிப் போகும் மகன் ரவி வருகிறான்.

இதற்கிடையே நாட்டின் கல்விமுறை மாறியது. 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, 1980-களின் தொடக்கத்துக்குள் ஆங்கிலப் பள்ளிகள் தேசிய மொழிக்கு மாறின. இலக்கியம் சிலர் மட்டும் எடுக்கும் பாடமாகச் சுருங்கிற்று. 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் எல்லா இடைநிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்பிலும் சிறிதளவு இலக்கியத்தைச் சேர்த்தது. ஷேக்ஸ்பியரின் பாடல் ஒன்றும் வந்தது. மேல் படிவங்களுக்கான நாவல்களில் ஒன்றாக மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ நூலும் வந்தது. ஆம், நேயர்களே! எந்த வகுப்பறை நமக்கு எட்டாமல் இருந்ததோ, அதே வகுப்பறையில் நம் பாட்டியின் கதை பாடநூலாகிச் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் படிக்கும்படி ஆயிற்று.

பயிற்சிக் கல்லூரியில் இருந்த நாளில்தான் அந்த நூலை நாம் முதலில் கையில் எடுத்தோம். அதற்கு முன், பள்ளியில் கரும்பலகைக் குறிப்புகளை எழுதி மனனம் செய்ததுதான் நமக்குத் தெரிந்த இலக்கியப் படிப்பு. அந்த நூலில் பாட்டி நிலத்துக்காக அலையும் பக்கத்தை எவருடைய குறிப்பும் இல்லாமல் நாம் புரிந்துகொண்டோம். தோட்டம் விற்கப்பட்டதும் லயத்தை விட்டு மூட்டை கட்டியவர்களை நாம் கண்ணால் கண்டிருந்தோம் அல்லவா?

ரவியின் கதையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஆங்கிலம் படித்த பிள்ளை வீட்டுக்கு அந்நியனாகிவிடக் கூடாது. அதற்கு வழி புத்தகத்தைப் பிடுங்கி வைப்பதன்று. பிள்ளையின் அருகே உட்கார்ந்து கேட்பதே. திருவிழாவில் கர்ணன் கூத்துப் பார்த்துவிட்டு, “குந்தி கேட்டது நியாயமா? கர்ணன் துரியோதனனை விட்டு வராதது சரியா?” என்று லயத்து வாசலில் விடிய விடிய வாதாடியவர்கள் நம் பெரியவர்கள். கேம்பிரிட்ஜ் கேள்வித்தாள் கேட்டதும் ஏறக்குறைய அதுதானே! யார் சொன்னார், யாரிடம் சொன்னார், ஏன் சொன்னார்?

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே! இன்றிரவு உங்கள் பிள்ளை ஆங்கிலக் கதையைப் படித்தால், அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். “அவன் ஏன் அப்படிச் செய்தான்?” என்று ஒரு கேள்வி போடுங்கள். அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை யோசித்து விடை சொல்லும் அந்த வேளையில், கதை பாடமாகிவிடும்.