ஜன்னல் இருக்கு, காற்று இல்லை: தேவ்நார் அடுக்குமாடிகளும் கணினி மாடலும்

மும்பையின் தேவ்நார், கோவண்டி, மான்குர்து பகுதிகளில் குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்திய அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வீடு பெரும்பாலும் 225 சதுர அடி. சில காலனிகளில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சுமார் 3 மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தள வீடுகளில் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும்.

இங்குள்ள லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பிஎம்ஜி காலனி ஆகிய மூன்றிலும் டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் ஐஐடி பாம்பே ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. 4,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கணக்கெடுத்தார்கள். வெளிச்சமும் காற்றும் எப்படி வருகிறது என்பதைக் கணினி சிமுலேஷனில் பார்த்தார்கள். நெருக்கமாகக் கட்டிய முதல் இரண்டு காலனிகளில் டிபி பாதிப்பு பிஎம்ஜியைவிடப் பல மடங்கு அதிகம். கீழ்த்தளங்களில் நிலைமை இன்னும் மோசம். டிபிக்கு ஊட்டச்சத்துக் குறைவு, நெரிசல் என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் காற்றோட்டத்தை ஒதுக்கிவிட முடியாது என்பதை இந்த ஆய்வு காட்டியது.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்பில் இடம்பெயர்பவர்களுக்கு வீடு கட்ட, தேவ்நார் குப்பைக் கிடங்கு நிலத்தில் சுமார் 124 ஏக்கரை மகாராஷ்டிர அரசு 2024-ல் ஒதுக்கியது. அங்கே போகப்போவது யார் என்று தாராவித் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டும் முன்பே கணிக்க முடியுமா?

முடியும். அமெரிக்க எரிசக்தித் துறை உருவாக்கிய எனர்ஜிபிளஸ் இலவச மென்பொருள். உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கட்டடத்தின் அளவு, சுவர், ஜன்னல், ஊரின் வானிலை ஆகியவற்றைக் கொடுத்தால், வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்று கணக்கிடும்.

காற்றோட்டத்தை அதில் மூன்று விதமாகக் கொடுக்கலாம்.

1. நேரடி எண்: 'மணிக்கு 5 முறை அறைக் காற்று மாறும்' என்று நீங்களே சொல்லிவிடுவது. மென்பொருள் அதை அப்படியே நம்பும்.

2. எளிய சூத்திரம்: ஜன்னல் பரப்பு, காற்றின் வேகம், உள்-வெளி வெப்ப வித்தியாசம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவது.

3. ஏர்ஃப்ளோ நெட்வொர்க்: ஒவ்வொரு ஜன்னல், கதவு, இடுக்கிலும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பார்த்து, எந்த அறையிலிருந்து எந்த அறைக்குக் காற்று போகிறது என்று கண்டுபிடிப்பது.

சிக்கல் எங்கே?

முதலாவது, காற்றின் வேகம். மும்பைக்கான வானிலைக் கோப்பு பொதுவாக சாந்தாகுருஸ் நிலையத்தினுடையது. அளவீடு வெட்டவெளியில், 10 மீட்டர் உயரத்துக்கானது. அங்கே நொடிக்கு 3 மீட்டர் வேகம் என்றால், 'நகரம்' என்று தேர்ந்தெடுத்தால் எனர்ஜிபிளஸ் அதை 20 மீட்டர் உயரத்தில் சுமார் 1.7 ஆகவும், 3 மீட்டர் உயரத்தில் சுமார் 0.9 ஆகவும் குறைக்கும். 'வெட்டவெளி' என்று விட்டுவிட்டால் கீழ்த்தளத்துக்கும் இல்லாத காற்று வந்துவிடும்.

இரண்டாவது, பக்கத்துக் கட்டடம். இதுதான் முக்கியம். எதிர்க் கட்டடத்தை மாடலில் வரைந்தால் அதன் நிழலை எனர்ஜிபிளஸ் கணக்கில் எடுக்கும். அது மறைக்கும் காற்றை எடுக்காது. சுவரில் காற்று தரும் அழுத்தத்துக்கு மென்பொருளே வைத்திருக்கும் எண்கள், கட்டடம் தனியாக நிற்பதாக நினைத்துக் கொடுக்கப்பட்டவை. 3 மீட்டர் சந்துக்கு அவை பொருந்தாது. காற்றின் பாதையையே கணக்கிடும் சிஎஃப்டி சிமுலேஷனையோ விண்ட் டனல் சோதனையையோ செய்து, அதில் கிடைக்கும் எண்களைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, காற்று வெளியேறும் வழி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்:

- வீடு: 225 சதுர அடி, 2.7 மீட்டர் உயரம். சுமார் 56 கன மீட்டர் காற்று.
- திறந்த ஜன்னல்: அரை சதுர மீட்டர். காற்று: நொடிக்கு 0.9 மீட்டர்.
- எதிர்ப்புறமும் அதே அளவு திறப்பு இருந்தால்: மணிக்கு சுமார் 16 முறை காற்று மாறும்.
- ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் என்றால், வழக்கமான தோராயச் சூத்திரப்படி: மணிக்கு 0.7 முறை.

அதே ஜன்னல், அதே காற்று. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். நடுவில் காரிடார், இரண்டு பக்கமும் வீடுகள் என்ற அமைப்பில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவது எண்தான் பொருந்தும். ஒப்பிட்டுப் பார்க்க: மருத்துவமனையில் டிபி நோயாளிக்காகப் புதிதாகக் கட்டும் தனி அறைக்கு மணிக்கு 12 முறை என்கிறது அமெரிக்காவின் சிடிசி வழிகாட்டுதல்.

விதிமுறை பார்த்துக்கொள்ளாதா?

2018-ல் வந்த மத்திய அரசின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா, மும்பை போன்ற வெப்ப-ஈரப்பத ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஜன்னலுக்கு எதிரே 3 மீட்டரில் சுவர் நிற்கிறதா என்று இந்த எண் கேட்பதில்லை.

தேவ்நாருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1927-லிருந்து இயங்கிவந்த குப்பைக் கிடங்கு இது. 2016 ஜனவரியில் பற்றிய தீயின் புகை நகரையே மூடியது. வெளிக்காற்று கெட்டிருந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள். அப்போது 'ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும்' என்று எழுதிய மாடல் தோற்றுவிடும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

வீடு வாங்கினாலும் சரி, மறுசீரமைப்புக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் சரி, 'சிமுலேஷன் செய்திருக்கிறோம்' என்று ஒரு வண்ணப் படத்தைக் காட்டினால் இந்த நான்கையும் கேளுங்கள்:

- காற்றோட்ட எண் கணக்கிட்டு வந்ததா, நீங்களே கொடுத்ததா?
- பக்கத்துக் கட்டடங்கள் மறைக்கும் காற்றைச் சேர்த்தீர்களா?
- காற்று எந்த வழியாக வெளியே போகிறது?
- படத்தில் இருப்பது எந்த மாடி? முதல் மாடிக்கான முடிவு எங்கே?