மானிப்பாயில் தமிழ் கற்ற மருத்துவம்

கடல் கடந்து சென்று ஏழை நாட்டாருக்கு மருந்து கொடுத்த மிஷன் வைத்தியர்கள் பலர். அம்மக்களின் மொழியிலேயே தம் கலையை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைக்கத்தக்கவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1822-ல் பிறந்த இவர், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847-ல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்பே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்து வழி காட்டியிருந்தார். கிறீன் மானிப்பாயில் அமர்ந்து, நோயாளரைப் பார்த்தவாறே உள்ளூர் இளைஞரையும் வைத்தியராகப் பழக்கலானார்.

முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பயின்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தையும் பட்டணத்தையும் நாடிச் சென்றனர்; கிராமம் கிடந்தபடியே கிடந்தது. உத்தியோகம் தேடி மலாயா வந்த யாழ்ப்பாணத்தாரின் வரலாறு அறிந்த வாசகர்க்கு இது புதுமையன்று. எனவே 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். ஊரில் தங்கி ஊராரின் மொழியில் நோய் தீர்ப்பவரே அவருக்கு வேண்டியிருந்தது.

அதற்கு நூல்கள் வேண்டுமல்லவா? சிலவற்றைத் தாமே மொழிபெயர்த்தார். சிலவற்றை மாணவரைக் கொண்டு பெயர்ப்பித்துத் திருத்தினார். பிரசவ வைத்தியம் 1857-ல் வந்தது. இரண வைத்தியம் 1867-ல். உடற்கூறு கூறும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-ல். இரசாயன நூலாகிய ‘கெமிஸ்தம்’ 1875-ல். கலைச்சொல்லைத் தமிழில் தேடுவது, கிடையாவிடில் வடமொழியில் தேடுவது, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் தருவது அவர் முறை. இன்றைய தனித்தமிழ்ச் செவிக்கு இப்பெயர்கள் உறுத்தலாம். ஆயினும் சொல் இல்லை என்று சொல்லி அவர் கைவிட்டுவிடவில்லை. கலைச்சொல் பற்றிப் பேசுவோர் அவர் நூல்களைப் புரட்டிப் பார்த்தல் நலம்.

மதப் பிரசாரமும் அவர் பணியே. அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் கிறிஸ்தவரானவர் தமிழருக்குரிய உடையையும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை என்பது அவர் கருத்து.

1873-ல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் நூற்பணி தொடர்ந்தது. உடலின் இயக்கங்களை விளக்கும் ‘மனுஷ சுகரணம்’ 1883-ல் வெளிவந்தது. மறு ஆண்டு காலமானார். தமிழ் வகுப்பு அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1870-ல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது; உத்தியோகமும் அவ்வழியே கிடைத்தது. மாணவர்மேல் பழி சொல்வதற்கில்லை. மானிப்பாய் வைத்தியசாலை கிறீன் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. தம் கல்லறையில் தம்மைத் தமிழருக்கு வந்த மருத்துவ ஊழியர் என்றே பொறிக்க வேண்டுமென்று அவர் எழுதி வைத்திருந்தார்.